தண்ணி ஆடுதா?

மூன்று மணிக்குக் கேம்ராஜ் தன் சைக்கிளை மிஸ் வேவ்னியின் வேலியில் சாய்த்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஜனவரி மழை. கயானாவின் டெமராரா கிழக்குக் கரையில் ஜனவரி மழைக்கு யாரும் குடை தேடுவதில்லை. முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். பிறகு கால்வாயைப் பார்ப்பார்கள்.

கால்வாய் விளிம்புவரை நிறைந்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்ததால் மதகின் கதவை இறக்கிவிட்டார்கள். கடல் திரும்ப வடியும்வரை ஊர்த் தண்ணீர் ஊருக்குள்தான் நிற்கும். அன்றைய உச்ச ஏற்றம் நாலே முக்காலுக்கு.

அவன் தோளில் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் சுருண்டு தொங்கியது. அறுபதடி நீளம், விரல் தடிமன், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக். கட்டட இன்ஸ்பெக்டருக்குப் புதுக் கருவி வாங்கித் தருவதாக ஊர்ச்சபையில் மூன்று வருடமாகச் சொல்கிறார்கள். அவன் நினைவூட்டுவதில்லை.

"வாங்க இன்ஸ்பெக்டர்! கழுத்துல பாம்போட சிவபெருமான் மாதிரி வர்றீங்க" என்றார் லேக்ராம். பேஷன்ஸ் கிராமத்தில் பாதி வீடுகளைக் கட்டிய காண்டிராக்டர். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி இருக்கும். "சீக்கிரம் அளந்து கையெழுத்தைப் போடு தம்பி. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது."

"அளந்துட்டுத்தான் அண்ணே."

"அளந்துட்டுத்தான்! கொடுக்குறது அரை வார்த்தை. இன்னும் பின்னாடியே நடந்துதான் வீட்டுக்குள்ள போறியாமே? உன் எதிர்வீட்டுக் கிழவி சொன்னா. ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி. செத்தவங்களுக்கும் கால் வலிக்கும், இவ்வளவு நாளா பின்னாடி வருவாங்களா?"

கேம்ராஜ் டியூபைத் தோளிலிருந்து இறக்கினான். மனைவியை எரித்துவிட்டு வந்த அன்று மாமியார்தான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். பின்பக்கமாகக் காலை வைத்து ஏறு, தெருவைப் பார்த்தபடியே உள்ளே போ, அப்போதுதான் ஆவி பின்னாலேயே வராது என்றாள். ஏறினான். மறுநாளும் அப்படியே ஏறினான். பிறகு நிறுத்தவே தோன்றவில்லை.

மிஸ் வேவ்னி படியில் இறங்கி வந்தார். ஐம்பது வயது. இரண்டு தலைமுறையை அதட்டி வளர்த்த குரல்.

"லேக்ராம், அந்த மனுஷனை விடு. மிஸ்டர் கேம்ராஜ், கிறிஸ்துமஸ் கேக் இன்னும் கொஞ்சம் இருக்கு. முதல்ல அறையைப் பாருங்க. இருபத்திரண்டு பிள்ளைங்க வருது. பெத்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

வீடு பழைய மரவீடு. எட்டடி உயரத் தூண்களின் மேல் நிற்பது. கீழே இருந்த அடிவீடு நாற்பது வருடமாகத் திறந்தே கிடந்தது. ஊஞ்சல் படுக்கை தொங்கும், துணி காயும், தண்ணீர் வந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இப்போது நான்கு பக்கமும் சிமென்ட் கல் வைத்து அடைத்திருந்தார்கள். மஞ்சள் பெயின்ட். உள்ளே இருபத்திரண்டு குட்டி நாற்காலிகள், மதியத் தூக்கத்துக்குச் சுருட்டி வைத்த பாய்கள். ஒரே கதவு. உள்பக்கம் திறப்பது. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பற்றவைத்த இரும்புக் கம்பி.

"கம்பியைக் கழட்டுற மாதிரி வைக்கச் சொல்லியிருந்தேன்."

"கழட்டுற கம்பியைத் திருடனும் கழட்டுவான்" என்றார் லேக்ராம். "தண்ணி பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வருது. திருடன் வாரம் ஒரு தடவை வர்றான்."

"சுவர் அடியில தண்ணி போக ஓட்டை?"

"தரைதான் உயரமா இருக்கே தம்பி! வெள்ளக்கோட்டுக்கு மேல ஆறு அங்குலம். நீங்க போட்ட சட்டம். தண்ணியே வராத இடத்துக்கு ஓட்டை எதுக்கு?"

மிஸ் வேவ்னி சுவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. பெருவெள்ளத்துல எங்கம்மா நாலாவது படியில உக்காந்து காலைத் தண்ணியில விட்டிருந்தா. இப்போ உங்க கோட்டைப் பார்த்தா ரெண்டாவது படிகூட நனையாது போலிருக்கு."

"படியை நான்தானே மாத்திக் கட்டினேன் மிஸ்" என்றார் லேக்ராம். "உங்கம்மா உக்காந்த படி விறகாப் போச்சு."

பெருவெள்ளம் வந்து நான்கு வருடம். அது வடிந்த பிறகு கேம்ராஜும் அவன் மனைவி ஓமாவதியும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கோடு போட்டார்கள். டியூபின் ஒரு முனை அவனிடம், மறு முனை அவளிடம். டியூப் எங்கேயாவது மடங்கினாலோ மிதிபட்டாலோ தண்ணீர் உறைந்து நின்று தப்பு மட்டம் காட்டும். அதனால் அவள் ஒவ்வொரு முறையும் தன் முனையை லேசாகத் தூக்கி இறக்கி, குரல் கொடுப்பாள்.

"தண்ணி ஆடுதா?"

"ஆடுது."

பிறகு சுவரில் இரண்டு தட்டு. பிடித்துவிட்டேன், குறித்துக்கொள் என்று பொருள்.

நூற்றுப் பத்துக் கோடுகள் போட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்காமல் இருக்க முடியாத ஊர் அது. ஒரே கிறிஸ்துமஸில் பாதிக் கோடுகள் மறைந்தன. மறு கிறிஸ்துமஸில் மீதியும். அதற்கு அடுத்த மழையில் ஓமாவதி தெருத் தண்ணீரில் நடந்தாள், எலிக்காய்ச்சல் வந்தது, பன்னிரண்டாம் நாள் இறந்தாள். இப்போது ஊரில் மிஞ்சியிருப்பது மதகின் பக்கத்தில் நிற்கும் கான்கிரீட் கம்பத்தில் சிவப்பாக ஒரே கோடு. அது அவள் போன பிறகு கேம்ராஜ் தனியாகப் போட்டது.

அந்தக் கம்பம் மிஸ் வேவ்னியின் வீட்டுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டி நாற்பதடியில் இருந்தது.

"அண்ணே, நீங்க உள்ள பிடிங்க. முனையில தண்ணி சரியாத் தரைமட்டத்துல நிக்கணும். நான் கம்பத்துல பாத்துக்கறேன்."

மழை வலுத்தது. டியூபை ஜன்னல் கம்பி வழியாக உள்ளே விட்டு, தன் முனையோடு தெருவைக் கடந்தான். கம்பத்தில் வைத்தான். தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஆறேகால் அங்குலம் மேலே வந்து நின்றது.

சரியாக இருந்தது.

நோட்டை எடுத்தான். மழைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஆறேகால் என்று எழுதினான். நிமிர்ந்தபோது தண்ணீர் அங்கே இல்லை.

ஏறிக்கொண்டிருந்தது.

மெதுவாக, யாரோ உள்ளே முனையைத் தூக்குவதுபோல. ஓரடி. ஒன்றரை அடி.

"அண்ணே, ஏன் தூக்குறீங்க? தரையில வைங்க!"

தகரக் கூரைகளின் மேல் மழை இரைந்தது. கால்வாயிலிருந்து ஒரு வாடை எழுந்தது. அழுகிய நெல், மண்ணெண்ணெய், செத்த கோழி. பெருவெள்ளத்தில் மூன்று வாரம் ஊரை மூடியிருந்த வாடை.

தண்ணீர் கோட்டுக்கு இரண்டரை அடி மேலே போய் நின்றது. பிறகு லேசாக மேலும் கீழும் அசைந்தது.

அடைத்த அறைக்குள்ளிருந்து, மழையைத் தாண்டி, தாழ்ந்த குரல் வந்தது.

"தண்ணி ஆடுதா?"

"ஆடுது" என்றான்.

சுவரில் இரண்டு தட்டு.

பென்சில் தானாகவே கம்பத்தில் ஒரு கோடு இழுத்தது. நூற்றுப் பத்து முறை செய்த வேலை. கைக்குப் பழக்கம். கோட்டை இழுத்து முடித்த பிறகுதான் அந்தக் குரல் அவனுக்கு உறைத்தது.

அது லேக்ராமின் குரல் இல்லை.

தலையைத் தூக்கினான். எதிரே மேல்மாடி வராந்தாவில் லேக்ராம் ஒரு கையில் காப்பிக் கோப்பையும் மறு கையில் கேக்குமாக நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா இன்ஸ்பெக்டர்?" என்று கத்தினார். "முனையை ஆணியில கட்டிட்டு வந்துட்டேன்! அது எங்க ஓடப் போகுது?"

பக்கத்தில் மிஸ் வேவ்னி நின்றார். இருவரும் மேலே.

கேம்ராஜ் தெருவைக் கடந்தான். ஓடவில்லை. பிறகு யோசித்தபோது ஏன் ஓடவில்லை என்று அவனுக்குத் தெரியவில்லை. உள்ளே போகவும் யாரும் சொல்லவில்லை. கதவைத் தள்ளினான்.

மேகம் ஜன்னல்களை அடைத்திருந்தது. அறையில் சாம்பல் வெளிச்சம். தரையோரம் அடித்திருந்த ஆணியில் ஒரு கயிறு மட்டும் தொங்கியது. டியூபின் முனை எதிர்ச்சுவரில் இருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், எந்தப் பிடிமானமும் இல்லாமல், சுவரோடு ஒட்டி நின்றது.

அவன் பார்க்கப் பார்க்க அது கீழே விழுந்தது.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

முதலில் சுவரில் ஒரு கோட்டைப் பார்த்தான். புது மஞ்சள் பெயின்டின் மேல் ஈரமாக, நூல் பிடித்ததுபோல, நான்கு சுவர்களையும் சுற்றி ஓடியது. குட்டி நாற்காலிகளின் முதுகுக்கு மேலே ஓடியது. நாற்காலிகளுக்கே மேலே என்றால், பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கணுக்காலில் குளிர் ஏறியது.

குனிந்து பார்த்தான். தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் குளிர் ஏறியது. கெண்டைக்கால். முழங்கால். கால்சட்டைத் துணி காலோடு ஒட்டியது. கதவுக்குத் திரும்பிக் கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. மறுபக்கத்திலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கதவின் மேல் சாய்ந்திருப்பதுபோல் இருந்தது. பெரிதாக. கனமாக.

ஜன்னலுக்குப் போனான். கம்பி.

அடுத்த ஜன்னல். கம்பி.

பின்னால் ஈரக் கால்கள் நடந்தன.

அவன் திரும்பவில்லை. இரண்டு வருடமாகத் தெருவைப் பார்த்தபடியே பின்னால் நடந்தவன், இப்போது கம்பியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றான். வெள்ளத்து வாடை கழுத்தருகே வந்தது. அதற்கு அடியில், மிக மெல்லிதாக, தேங்காய் எண்ணெய்.

அவன் வலது கையை ஒரு கை தொட்டது. வெகுநாள் தண்ணீரில் ஊறிய கை. விரல் நுனிகள் சுருங்கி, வெளுத்து, குளிர்ந்திருந்தன. அவன் உள்ளங்கையைத் திறந்து டியூபின் முனையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது.

"தண்ணி ஆடுதா, கேம்?"

டியூபைப் பார்த்தான். உள்ளே தண்ணீர் கல்லைப்போல் நின்றது.

அப்போது அந்த நாள் கண்ணில் வந்தது. புதுக் கம்பம். அவள் போய் ஆறாவது வாரம். டியூபின் மறு முனையைச் சுகாதார நிலையச் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்தில் அடித்திருந்த பித்தளை ஆணியில் கட்டிவிட்டு, தனியாக இந்தப் பக்கம் வந்தான். மதகு முற்றத்தின் இரும்பு வாயிற்கதவு காற்றில் சாத்திக்கொண்டு டியூபை நசுக்கியிருந்தது. தண்ணீர் அசையவில்லை. அதை அவன் பார்த்தான். பார்த்தான் என்பதுதான் விஷயம். கேட்க யாரும் இல்லை. நின்ற இடத்தில் சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்தக் கோட்டை வைத்து முப்பத்தேழு வீடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"தண்ணி ஆடுதா?"

குளிர் முழங்காலைத் தாண்டி ஏறியது.

வாயைத் திறந்தான்.

"ஆடல" என்றான். "அன்னிக்கும் ஆடல, ஓமா."

கை விலகியது.

கதவு படாரென்று திறந்தது. லேக்ராம் தடுமாறி உள்ளே விழப் பார்த்தார்.

"என்னய்யா, கதவைத் தாழ் போட்டுக்கிட்டியா? எவ்வளவு நேரமாத் தள்ளுறேன்! மழைக்கு மரம் ஊதிடுச்சு, கொஞ்சம் சீவணும்…" அவர் நிறுத்தினார். தரையைப் பார்த்தார். காய்ந்த தரை. கேம்ராஜின் கால்சட்டையைப் பார்த்தார். முழங்காலுக்கு மேல்வரை சேற்றுத் தண்ணீரில் ஊறி, அதற்கு மேல் வெறும் மழை ஈரமாக, நடுவில் ஒரு நேர்க்கோடு.

தீக்குச்சி அவர் வாயிலிருந்து விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

சுவரில் எதுவும் இல்லை. வெறும் மஞ்சள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான் கேம்ராஜ்.

"என்ன சொல்றீங்க?" மிஸ் வேவ்னி படியில் இறங்கி வந்திருந்தார். "ஆறு அங்குலம் இருக்குன்னு லேக்ராம் சொன்னானே?"

"கோடே தப்பு மிஸ். நான் போட்ட கோடு."

"உன் கோடு, உன் சட்டம்!" லேக்ராமுக்குக் குரல் திரும்பிவிட்டது. "உன் கோட்டை நம்பித்தானே ஊரெல்லாம் தரை போட்டேன். இப்போ தப்புன்னா என்னைக் கட்டி வச்சு அடிப்பாங்க."

"என்னைத்தான் அடிப்பாங்க. வாங்க அண்ணே. இன்னொரு தடவை அளக்கணும். ரெண்டு பேரா."

சுகாதார நிலையம் மதகுக்கு அந்தப் பக்கம், ஐம்பதடியில் இருந்தது. அதன் சுவருக்கும் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பச்சை அடித்திருந்தார்கள். கேம்ராஜ் விரலால் தடவிக்கொண்டே போனான். அவன் நெஞ்சளவில் ஒரு புடைப்பு. கத்தியால் சுரண்டினான். பித்தளை மின்னியது. ஓமாவதி அடித்த ஆணி. பெயின்ட் அடிச்சே தீருவானுங்க கேம், ஆணியை என்ன பண்ணுவானுங்க பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே அடித்தது.

லேக்ராம் ஆணியில் பிடித்தார். கேம்ராஜ் வாயிற்கதவைத் திறந்து கல் வைத்து முட்டுக்கொடுத்தான். டியூபை நெடுகத் தடவிப் பார்த்தான். கம்பத்தில் வைத்தான்.

"அண்ணே, லேசாத் தூக்கி இறக்குங்க."

தண்ணீர் ஆடியது. ஆடி, அடங்கி, நின்றது.

சிவப்புக் கோட்டுக்கு இரண்டரை அடி மேலே. ஒரு மணி நேரம் முன்பு அவன் இழுத்த பென்சில் கோட்டின் மேல்.

லேக்ராம் வந்து பார்த்தார். கோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இந்தப் பென்சில் கோட்டை எப்போ போட்டே?"

"முன்னாடியே."

"அப்போ உள்ள யாரு பிடிச்சா?"

கேம்ராஜ் டியூபைச் சுருட்டினான்.

மிஸ் வேவ்னி நனைந்தபடி வந்து பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தார். "எங்கம்மா நாலாவது படின்னு சொன்னா. நான்தான் அவளுக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "பிள்ளைங்க மேல இருக்கட்டும். என் கட்டிலைத் தூக்கி வெளிய போடு லேக்ராம். இருபத்திரண்டு பாய் விரிக்கணும். மிஸ்டர் கேம்ராஜ், கேக் உங்களுக்குக் கிடையாது."

மறுநாள் ஊர்ச்சபையில் எல்லாவற்றையும் சொன்னான். அறையில் நடந்ததைத் தவிர. கேட்டுவிட்டு அவர்கள் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். முப்பத்தேழு வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு அவனே ஒவ்வொரு வாசலாகப் போனான். அடிவீட்டில் தூங்காதீர்கள், கம்பியை வெட்டுங்கள், சுவர் அடியில் ஓட்டை வையுங்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி அவன் சைக்கிள் சக்கரத்தின் மேல் துப்பினாள். ஏழாம் நாளிலிருந்து லேக்ராம் கம்பி வெட்டும் இயந்திரத்தோடு கூடவே வந்தார்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, பட்டப்பகல் பன்னிரண்டரைக்கு, ஊருக்குப் பின்னால் வயல் தண்ணீரைத் தடுத்து நின்ற பின்கரை உடைந்தது. கடல் ஏறியிருந்த நேரம். மதகைத் திறக்க முடியவில்லை.

கேம்ராஜ் இடுப்பளவு தண்ணீரில் மிஸ் வேவ்னியின் வீட்டுக்கு வந்தபோது மாடியில் இருபத்திரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் படியில் உட்கார்ந்தான். கீழே ஜன்னல் கம்பி வழியாக அறை தெரிந்தது. கதவை வெளியிலிருந்து தள்ளிப் பார்த்தவர்கள் விட்டுவிட்டிருந்தார்கள். மிதந்த மேசை ஒன்று உள்பக்கம் குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தது. குட்டி நாற்காலிகள் சுற்றிச் சுற்றி மிதந்து கம்பியில் முட்டின.

அறைத் தரையிலிருந்து தண்ணீர் இரண்டடிவரை ஏறியது. நின்றது.

மிஸ் வேவ்னி மேல்படியிலிருந்து பார்த்தார். "நாலாவது படி" என்றார். உள்ளே போய் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார்.

பேஷன்ஸில் அன்று யாரும் சாகவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினான். படியின் கீழே நின்றான். வழக்கம்போல் திரும்பி, தெருவைப் பார்த்து, ஒரு காலைப் பின்னால் வைத்தான். எதிர்வீட்டுக் கிழவி ஜன்னலில் இருந்தாள்.

காலை எடுத்தான். நேராகத் திரும்பினான். எல்லா மனிதர்களையும்போல முன்னால் பார்த்து ஏறினான். பதினொரு படி. கதவைச் சாத்தவில்லை.

தோளிலிருந்த டியூபை வழக்கமான ஆணியில் மாட்டினான். இரண்டு முனைகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில் மேல்நோக்கி நின்றன. ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். காற்று இல்லை. ஜன்னல் திரை அசையவில்லை.

அவனுக்குப் பின்னால், படியில், ஒரு ஈரக் கால் வைக்கும் சத்தம். பிறகு இன்னொன்று. பதினொன்றுவரை எண்ணினான்.

கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு.

அவன் திரும்பவில்லை. டியூபையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.